இடதுகோடியில் சிவப்பு பல்பு

அக்கா இடது பக்கம் வைத்த சாயா கிளாஸை அத்தான் மறுபடியும் தட்டிவிட்டபோதுதான், இது கவனக்குறைவு இல்லை, கண்ணில் ஏதோ உண்டு என்று எங்களுக்குப் பட்டது. முதல்முறை தட்டியபோது அக்கா அவரை நன்றாகத் திட்டியிருந்தாள். அந்தத் திட்டை நினைத்து அவள் பிறகு வெகுநாள் சங்கடப்பட்டாள்.

அத்தான் என் அக்காவின் கணவர். பாறசாலை ரயில் நிலையத்துக்கு வெளியே பல வருடம் அம்பாசடர் டாக்ஸி ஓட்டியவர். டாக்ஸிக்கு ஓட்டம் குறைந்த பிறகு ஒரு பள்ளிக்கூட வேனை ஓட்டினார். அம்பாசடரை விற்க மனமில்லாமல் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகைக்குள் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார். வண்டியின் பேப்பர்களை மட்டும் விடாமல் புதுப்பித்து வந்தார்.

திருவனந்தபுரத்தில் கண் டாக்டரிடம் நானும் கூடப் போயிருந்தேன். கண்ணில் அழுத்தம் கூடி நரம்பு வாடுகிறது, பார்வை ஓரங்களிலிருந்து உள்ளே குறைந்துகொண்டே வருகிறது என்றார் டாக்டர். மருந்து விட்டால் வேகம் குறையலாம், போனது திரும்பாது. வண்டி ஓட்டலாமா என்று அத்தான் கேட்டார். இப்போதைக்குப் பகலில், பழகிய வழியில், மெதுவாக ஓட்டலாம். அடுத்த வருடம் இதே கேள்வியைக் கேட்டால் நான் சம்மதிக்க மாட்டேன் என்றார் டாக்டர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தான் நெய்யாற்றின்கரை தாண்டிய பிறகு சொன்னார்.

"வேனுக்க சாவிய நாளைக்கே குடுத்திரணும். பிள்ளேரு இருக்கிய வண்டி. எனக்கு ஒரு பக்கம் தெரியாம நான் ஓட்டப்பிடாது."

நான் தலையாட்டினேன்.

"நம்ம அம்பாசடர எறக்கணும் மக்கா. ஒருக்கா ஓடுனா போதும். உனக்க அக்காவ முன்சீட்டுல இருத்தி பொழியூர் வர போயி, கடலப் பாத்துட்டு வரணும். கண்ணு இருக்கும்பமே."

அவர் ஏன் முன்சீட்டைச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். அந்த டாக்ஸியின் முன்சீட்டில் யார் யாரோ ஏறி எங்கெங்கோ போயிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையும் கல்யாண நாளும்தான் ஓட்டம் அதிகம் என்பதால், அக்கா சபைக்கும் கல்யாணத்துக்கும் பஸ்ஸில்தான் போனாள். பொழியூர் கடல் எங்கள் குன்னத்துகாலிலிருந்து ஒன்றும் பெரிய தூரமில்லை. ஆனால் அத்தானோடு அவள் அங்கே போனதே இல்லை.

அக்காவிடம் சொன்னபோது அவள் மீன் அரிந்துகொண்டிருந்தாள். "கடலு எங்கயும் போவாது. மொதல்ல அந்தக் கொட்டகைக்குள்ள கெடக்கிய சவம் அசையட்டு" என்றாள். மறுநாள் அவள் அலமாரியைத் திறந்து சேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டேன்.

எனக்குத் தொழில் பால்வெட்டு. ஆரியங்கோட்டில் ஒரு சின்ன ரப்பர் தோட்டத்தில் வெட்டுகிறேன். ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் எங்கள் தோட்டத்தில் வெட்டு நின்றுவிடும். பட்டை நனைந்தால் பால் சிரட்டையில் விழாமல் மரமெங்கும் வழிந்து போகும். அந்த மழை மாதங்களில்தான் எஞ்சினைக் கழற்றுவதென்று முடிவானது. ஒர்க்‌ஷாப்பில் விட்டால் பழைய வண்டியை மூலையில் தள்ளிவிட்டுப் புது வண்டிகளைப் பார்ப்பார்கள், நமக்கு அவ்வளவு நேரம் இல்லை என்று அத்தான் சொன்னார். ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலர், பம்ப்செட் எல்லாம் நான் கழற்றி மாட்டுவது வழக்கம். அந்த நம்பிக்கையில் அவர் என்னைக் கூடச் சேர்த்துக்கொண்டார். அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சொல்லுவார், நான் செய்வேன்.

ஆரம்பத்தில் நான் செய்த தப்புகள் எல்லாம் உடனே முகத்தைக் காட்டின. வால்வுகளைத் தூக்கும் நீளக் கம்பிகளை உருவி ஒரு வாளியில் மொத்தமாகப் போட்டேன். "எலே, முருங்கைக்காயா அது? எது எங்க இருந்துதோ அங்கதான் போணும்" என்றார் அத்தான். அன்று முழுக்க ஒவ்வொன்றின் தேய்மானத்தையும் தடவிப் பார்த்து அதனதன் இடத்தைக் கண்டுபிடித்தோம். அதன்பிறகு கழற்றியதையெல்லாம் அட்டைப்பெட்டியில் துளை போட்டு வரிசையாகக் குத்தி வைத்தேன். எஞ்சினின் தலைப்பகுதியை மாட்டும்போது நட்டுகளை ஒரு ஓரத்திலிருந்து முறுக்கிக்கொண்டு போனேன். "பாயா சுருட்டுகிய? நடுவுலேருந்து ரெண்டு பக்கமும் போ" என்றார். மறுபடி கழற்றி, மறுபடி முறுக்கினேன். திட்டும் சிரிப்புமாக நாட்கள் போயின. தப்பு செய்தால் தெரியும், தெரிந்தால் திருத்தலாம் என்று எனக்கு ஒரு தைரியம் வந்துவிட்டது. அந்தத் தைரியத்தை நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கி நிற்கும் தகரத் தொட்டி உண்டு. சம்ப் என்பார்கள். அதற்கும் எஞ்சினுக்கும் இடையில் எண்ணெய் ஒழுகாமல் இருக்க கார்க்கினால் ஆன ஒரு பட்டையை வைப்பார்கள், கேஸ்கட் என்று பெயர். அத்தான் எப்போதோ வாங்கிப் பரணில் போட்டிருந்த பட்டை காய்ந்துபோய் இருந்தது. வளைத்தபோது என் கையிலேயே பல துண்டாக ஒடிந்தது.

நெய்யாற்றின்கரைக்குப் போய் ஒன்று வாங்க வேண்டியதுதான். பஸ் ஏறினால் மதியத்துக்குள் திரும்பலாம். ஆனால் அந்த உதிரிபாகக் கடைக்கு நான் அதற்கு முன்பு ஒருமுறை போயிருந்தேன். கவுண்டரில் நின்றவர் "எது மாடலா சேட்டா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியும். தமிழில் சொல்வதா மலையாளத்தில் சொல்வதா என்று யோசிப்பதற்குள் நாக்கு ஒட்டிக்கொண்டது. பின்னால் யாரோ சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள் என்று சொல்ல முடியாது. நான் "பொறவு வாறேன்" என்று முனகிவிட்டு வந்துவிட்டேன். சிறு வயதிலிருந்தே எனக்கு இது உண்டு. பத்தாம் வகுப்பில் விடை தெரிந்தும் கை தூக்காதவன். கடையில் நாலு பேர் நின்றால் அவர்கள் போகட்டும் என்று வெளியே நிற்பவன்.

அதனால் கடைக்குப் போகாமல் இருக்க ஒரு வழி தேடினேன். வழி என் கையிலேயே இருந்தது.

ரப்பர் வெட்டுகிறவர்கள் வீட்டில் பால் இல்லாத நேரம் கிடையாது. குடை கிழிந்தாலும் செருப்பு விட்டாலும் தகரக் கூரையில் ஓட்டை விழுந்தாலும் பாலை ஊற்றி ஒட்டுவோம். ஒட்டியது விடாது. வெட்டு நிற்பதற்கு முன் எடுத்த பாலில், உறையாமல் இருக்க அமோனியா விட்டு ஷெட்டில் ஒரு கேனில் வைத்திருந்தேன். கார்க்குத் துண்டுகளைச் சேர்த்து வைத்து, இரண்டு பக்கமும் கனமாகப் பால் பூசி, சீக்கிரம் உறைய இரண்டு சொட்டு ஆசிட் விட்டேன்.

அத்தான் மூக்கைச் சுளித்தார். "என்னலே மணம்?"

"பால் அத்தான். கேஸ்கட்ட ஒட்டியாச்சு."

"ரப்பர்பாலா? ஆயிலுக்கு அது நிக்குமா?"

"பால் போட்ட எடத்துல எதுவும் ஒழுகாது அத்தான்."

என் வாழ்க்கையில் அத்தனை உறுதியாக நான் பேசியது குறைவு. மற்ற எல்லா விஷயத்திலும் பின்னால் நிற்கிற எனக்கு, ரப்பர் என்று வந்தால் மட்டும் ஒரு தலை நிமிர்வு உண்டு. அத்தானும் அதைப் பார்த்திருக்க வேண்டும். "ரப்பருக்க காரியம் உனக்குத்தான தெரியும்" என்று விட்டுக்கொடுத்தார்.

மாட்டி, எண்ணெய் ஊற்றி, ஒரு ராத்திரி விட்டுப் பார்த்தோம். காலையில் அத்தான் குனிந்து சம்ப்பைச் சுற்றி விரலால் தடவினார். ஒரு சொட்டு இல்லை. "கொள்ளாம்" என்றார். அந்த ஒரு பாராட்டுச் சொல்லை நான் பல நாள் மனதில் வைத்துச் சுவைத்தேன்.

மழை ஓய்ந்த ஒரு காலையில் எஞ்சின் ஓடியது. முதலில் இருமியது, புகை கக்கியது, பிறகு நின்று நிதானமாக ஓடியது. அக்கா கை கழுவாமல் ஓடிவந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேல் தலை நீட்டி, "என்ன, டாக்ஸி ஸ்டாண்டு இங்க மாத்தியாச்சா?" என்றார். "ஓட்டம் உண்டு, வாறியா?" என்றார் அத்தான். அவர் முகம் அப்படி விரிந்து நான் வெகுநாள் கண்டதில்லை.

வண்டியைச் சபை வளைவு வரை எடுத்துப் பார்த்தோம். அத்தானுக்குப் பக்கத்தில் நான். அந்த வண்டியில் எண்ணெய் அழுத்தம் காட்டும் மீட்டர் என்றோ செத்துவிட்டது. அதற்குப் பதிலாக அத்தானே ஒரு சின்ன சிவப்பு பல்பை டேஷ்போர்டின் இடதுகோடியில் வைத்திருந்தார். எண்ணெய் ஒழுங்காக ஏறாவிட்டால் அது எரியும்.

"எனக்கு அந்தப் பக்கம் தெரியல்ல மக்கா. நீ அந்த லைட்ட பாத்துக்கோ. எரிஞ்சா சொல்லணும், கேட்டியா?"

"செரி அத்தான்."

திரும்பும்போது, வீட்டு வாசலில் வண்டி நின்று எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கையில், அந்த பல்பு ஒரு தடவை மின்னியது. நான் சொன்னேன். "மின்னிச்சு அத்தான். வயரு பழசில்லியா, பொறவு மாத்தலாம்."

"வயரா? பாத்தியா?"

"வயருதான் அத்தான்."

நான் பார்க்கவில்லை. வயரை ஒரு தடவை அசைத்துக்கூடப் பார்க்கவில்லை. எஞ்சின் ஓடுகிறது, ஒழுக்கு இல்லை, அவர் 'கொள்ளாம்' என்று சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் எதையும் தெரிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லாமல் இருந்தது.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து அக்கா சேலை மாற்றி வந்தாள். கல்யாணத்துக்கும் எடுக்காமல் வைத்திருந்த மயில்நீலம். பழைய அம்பாசடரின் முன்சீட் பெஞ்சு போல நீளமாக இருக்கும், கியர் ஸ்டீயரிங்குக்குக் கீழே. அவள் நடுவில் உட்கார்ந்து, ஏறின உடனே கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். "எதுக்கு இப்பிடி பிடிச்சிருக்க? நான் டிக்கெட்டு கேக்க மாட்டேன்" என்றார் அத்தான். இடது கதவோரம் நான், பல்பைப் பார்க்க.

பாறசாலை தாண்டும்வரை ஒன்றுமில்லை. கடலுக்கு இன்னும் பாதி வழி இருக்கும்போது பல்பு மின்னத் தொடங்கியது. மின்னி அணைந்தது. மறுபடி மின்னியது. வயர் என்று நான் முடிவு செய்துவிட்டிருந்ததால், சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். அக்கா தென்னந்தோப்புகளுக்கு நடுவே எதையோ காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தைக் கலைக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. பல்பு நிலையாக எரிந்தபோது நான் வாய் திறந்தேன். அதற்குள் எஞ்சினுக்குள்ளிருந்து டக் டக் என்று சுத்தியலால் அடிப்பது போல ஒரு சத்தம். அத்தான் உடனே சாவியைத் திருப்பினார். திருப்பியும் நேரம் கடந்துவிட்டது. மறுபடி ஸ்டார்ட் செய்யப் பார்த்தபோது எஞ்சின் இறுகிப் பிடித்திருந்தது.

"லைட்டு எரிஞ்சுதா?" என்று கேட்டார்.

"எரிஞ்சுது அத்தான்."

அவர் இறங்கி பானெட்டைத் திறந்தார். அக்காதான் பேசினாள். "போட்டு, விடுங்க. வந்த மட்டும் கொள்ளாம். காத்து உப்பாத்தான் இருக்கு இங்கயும்." ஒரு ஜீப்பைப் பிடித்துக் கயிறு கட்டி வண்டியை இழுத்து வந்தோம். அக்கா ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பினாள்.

சம்ப்பைக் கழற்றியபோது அத்தானும் பக்கத்தில் குனிந்திருந்தார். நான் கனமாகப் பூசியதில் பிதுங்கிய ரப்பர், சூடான எண்ணெயில் ஊறி உப்பி, இழை இழையாகப் பிய்ந்து, எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வலை முழுக்க அப்பியிருந்தது. எண்ணெய் மேலே ஏற வழியே இல்லை. எண்ணெய் இல்லாமல் சுழன்ற கிராங்கும் பேரிங்கும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. அத்தான் ஒரு துணுக்கை எடுத்து விரலில் உருட்டி முகர்ந்தார்.

"எலே, எஞ்சினுக்குப் பால் குடுத்துட்டோம்" என்று சொல்லிச் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. 'குடுத்துட்டோம்' என்று அவர் தன்னையும் சேர்த்துக்கொண்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. வெளியில் ஒழுகாததை மட்டும் நாங்கள் பார்த்தோம். பால் பூசிய கூரை ஒழுகாவிட்டால் வேலை முடிந்தது. உள்ளே பிதுங்குவது எங்கே போகும் என்று ஒரு பால்வெட்டுக்காரன் யோசிக்க வேண்டி வருவதில்லை.

கிராங்கை லேத்தில் கொடுத்துத் தேய்க்க வேண்டும், அதன் அளவுக்குப் பேரிங் கிடைக்க வேண்டும். பேரிங் இல்லை என்றார்கள், வரும் என்றார்கள், வந்தது வேறு அளவு என்றார்கள். ஓணம் போயிற்று. ஐப்பசியின் துலாமழையும் போயிற்று. நான் வெட்டுக்குத் திரும்பிவிட்டேன். மதியத்துக்கு மேல் வந்து உட்காருவேன். அதற்கிடையில் அத்தான் கொட்டகைக் கதவுச் சட்டத்தில் தோளை இடித்துக்கொள்ளத் தொடங்கினார். சபைக்குப் போகும் வழியில் ஓரமாக நிறுத்தியிருந்த ஒரு சைக்கிள்மேல் விழுந்தார். முழங்கையில் கட்டோடு வந்து, "அந்த சைக்கிளு லைட்டு போடாம நின்னுது" என்றார். அது காலை நேரம்.

எல்லாப் பாகமும் வந்துசேர்ந்தபோது கார்க் பட்டை மட்டும் பாக்கி. நான் நெய்யாற்றின்கரைக்குப் போனேன். கடையில் மூன்றுபேர் நின்றார்கள். அன்று நான் வெளியே நிற்கவில்லை.

"அம்பாசடர், மார்க் டூ, பெட்ரோல். சம்ப் கேஸ்கட்."

"கார்க்கோ?"

"கார்க்கு."

"பேஸ்ட் வேணோ?"

"வேணும்."

அவர் பட்டையையும் ஒட்டும் பேஸ்டையும் பழைய பத்திரிகையில் சுற்றித் தந்தார். பக்கத்தில் நின்றவர் "இப்பளும் ஓடுன்னுண்டோ?" என்று ஆச்சரியமாகக் கேட்டார். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான். ஒரு சாயா குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. பஸ் நிறுத்தத்தில் அந்தப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். குன்னத்துகால் பஸ் வந்தது. என்னால் ஏற முடியவில்லை. அடுத்த பஸ்ஸில்தான் வந்தேன்.

கிறிஸ்துமஸ் கழிந்து எஞ்சின் மறுபடி ஓடியது. முன்பைவிட நன்றாக ஓடியது. வலையைக் கழுவி, பேஸ்டை மெல்லியதாகப் பூசி, பிதுங்கியதை உள்ளேயும் துடைத்து, பல்பின் வயரையும் புதிதாக இழுத்திருந்தேன். அத்தான் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தார். ஆக்ஸிலேட்டரை மெல்ல மிதித்து எஞ்சின் சத்தத்தை நெடுநேரம் கேட்டார். பிறகு முன்னால் பார்த்தார்.

"கேட்டு தொறந்திருக்கா?"

கேட் அவருக்கு நேர் முன்னால் இரண்டு பக்கமும் விரியத் திறந்து கிடந்தது. நான் நடந்து போய் அதைக் கையால் தட்டிக் காட்டினேன். அந்தச் சத்தத்திலிருந்து அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார்.

"நீ ஓட்டு."

"எனக்குத் தெரியாது அத்தான்."

"படி."

இலையுதிர்ந்து வெட்டு நிற்கும் மாசி மாதத்தில் நான் பாறசாலையில் டிரைவிங் படிக்கப் போனேன். கூடப் படித்தவர்கள் எல்லாம் கல்லூரிப் பிள்ளைகள். டெஸ்டில் கம்பிகளுக்கு நடுவே எச் எழுத்தைப் போல முன்னும் பின்னும் ஓட்டிக் காட்ட வேண்டும். எல்லோரும் பார்த்து நிற்க, நான் கம்பியைச் சாய்த்தேன். ஒரு பெண் பிள்ளை, "அங்கிள், அடுத்த தடவ கிட்டும்" என்றாள். அடுத்த தடவை கிடைத்தது.

ஈஸ்டருக்குப் பிறகு ஒரு நாள் மூன்றுபேரும் கிளம்பினோம். மறுபடி மயில்நீலச் சேலை. அக்கா நடுவில், இடது கதவோரம் அத்தான். இப்போது பல்பு அவருக்கு நேர் முன்னால் இருந்தது. ஆனாலும் பார்வைக்குக் கீழே இருந்ததால் அவருக்குத் தெரியவில்லை.

"லைட்டு?"

"இல்ல அத்தான்."

"தேர்டுல போடு, இழுக்குது."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி. "லைட்டு?"

"இல்ல அத்தான்."

"மனுசன நிம்மதியா ஓட்ட விடுங்க" என்றாள் அக்கா. போன தடவை நின்ற இடத்தைத் தாண்டியபோது அவள் கைப்பையை மறுபடி மடியில் இறுக்கிக்கொண்டாள்.

பொழியூரில் கடற்கரையை ஒட்டி வண்டியை நிறுத்தினேன். அக்கா இறங்கிப் போய் கால் நனைத்தாள். அத்தான் வண்டியில் சாய்ந்து, முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, கடலைத் துண்டு துண்டாகப் பார்த்தார். ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போல இருக்கிறது என்று பிறகு சொன்னார்.

திரும்பலாம் என்றபோது, "ஒரு நிமிசம்" என்று சொல்லி, வண்டியைத் தடவிக்கொண்டே சுற்றி வந்து ஓட்டுகிற பக்கம் ஏறினார். சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஓடத் தொடங்கியது. அக்கா மறுபக்கம் போய், மணலைத் தட்டிவிட்டு, முன்சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கியரைத் தொடவில்லை. கை இரண்டும் ஸ்டீயரிங்கில் இருந்தன. இருவரும் கண்ணாடி வழியாக நேரே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எஞ்சின் ஒரு தட்டும் இல்லாமல் ஓடியது. வண்டி அசையவில்லை.

போன மழைக்காலத்திலேயே, அதே இடத்தில், அவர் அவளை ஏற்றி ஓட்டி வந்து நிறுத்தியிருக்க வேண்டியது. நான் வண்டிக்கு இடது பக்கம், அவர் கண்ணுக்கு எட்டாத இடத்தில், எஞ்சினைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.